வைர உறுப்பினர்

"புது வீட்டு ஓனர் வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கேக்கிறார். எடுத்து வச்சிட்டீங்களா?" பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டே மனைவி கேட்டாள்.

"அதெல்லாம் பத்திரமா இருக்கு" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

இருந்தது, ஒரு கிரிப்டோ கடன் செயலியில். பத்து நாள் சும்மா கிடக்கிற பணம்தானே என்று மச்சினன் ஏற்றிவிட்டிருந்தான். பணத்தை டிஜிட்டல் காயினாக மாற்றிப் போட்டால் கம்பெனி அதை யாருக்கோ கடன் கொடுக்கும். வட்டி கொஞ்சம் வரும், கூடவே தினமும் பாயிண்ட் வரும். அந்தப் பாயிண்ட் ஒருநாள் பணமாக மாறும். எந்த நாள் என்று அவர்களும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. இத்தனைக்கும் நட்டு நட்டாகச் சோதிக்காமல் எந்த லிஃப்டிலும் கால் வைக்காத மனுஷன்.

செவ்வாய்க்கிழமை பணத்தை எடுக்கப் போனார். முப்பது நாளுக்குள் எடுத்தால் சேர்ந்த நாற்பதாயிரம் பாயிண்ட்டும் போய்விடும் என்றது செயலி. அவருக்கு விட மனசு வரவில்லை. மச்சினனுக்குப் போன் போட்டார்.

"எடுக்காதீங்க மாமா! அதை அடமானமா வச்சுக் கடன் வாங்குங்க."

"என் பணத்தை வச்சு நானே கடன் வாங்கி, வட்டியும் கட்டணுமா?"

"ஆமா. ஆனா கடன் வாங்குனாலும் பாயிண்ட் உண்டுல்ல?"

பாதிப் பணம்தான் கடனாகக் கிடைத்தது. பாதி அட்வான்ஸுக்கு யார் வீடு கொடுப்பார்கள்? அதையும் திரும்ப உள்ளே போட்டால் மூன்று மடங்கு பாயிண்ட் என்று செயலி ஆசை காட்டியது. போட்டார். உடனே 'தங்க உறுப்பினர்' ஆக்கிவிட்டார்கள். கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை மீசையைத் தடவிக்கொண்டார்.

புதன்கிழமை காயின் விலை சரிந்தது. மேற்கொண்டு அடமானம் போடாவிட்டால் இருப்பதை விற்றுவிடுவோம் என்று செய்தி வந்தது. சாமான் ஏற்றும் லாரிக்காக மனைவி டிராயரில் வைத்திருந்த பணத்தையும் எடுத்துப் போட்டார். வியாழக்கிழமை காலை இன்னும் சரிந்தது. ஒன்றுவிடாமல் விற்றுவிட்டார்கள். ஆறுதலுக்கு ஒரு லட்சம் பாயிண்ட் கொடுத்து, 'வைர உறுப்பினர்' என்று வாழ்த்தும் அனுப்பியிருந்தார்கள்.

"டிராயர்ல இருந்த லாரிப் பணம் எங்கங்க?"

எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கட்டிவைத்த பெட்டி ஒன்றின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு இந்த வீட்டுச் சாவியைக் குடுத்தாகணும். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு எங்கே போறது? உங்க பாயிண்ட்டை விரிச்சுப் படுக்கிறதா?"

அவர் போனை எடுத்துச் செயலியைத் திறந்தார்.

வைர உறுப்பினருக்கு ஒரு சலுகை இருந்தது. மனிதரோடு பேசலாம். மற்றவர்களுக்கெல்லாம் இயந்திரம்தான் பதில் சொல்லும். அழைத்தார்.

"வணக்கம், எங்கள் வைர உறுப்பினரே!" என்றாள் ஒரு பெண், தேன் ஒழுக.

"அம்மா, என் பாயிண்ட் பூராவும் எடுத்துக்கோங்க. என்ன விலை போட்டாலும் சரி, கொஞ்சம் பணமா குடுங்க. நாளைக்கு நாங்க வீட்டைக் காலி பண்ணணும்மா."

அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், நீங்க காலி பண்ற வீட்டு ஓனர் வாடகைக்குப் பாயிண்ட் வாங்கிப்பாரா? எங்களுக்கு மூணு மாசமா அதுலதான் சம்பளம்."