டாக்டர் முய்க்கு நான் சொன்ன நன்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

டாக்டர் முய் சிக்-லாமுக்கு நன்றி தெரிவித்து உங்கள் நாளிதழில் வெளிவந்த அறிவிப்பை நான் எழுதவில்லை, டாக்டரே எழுதிக் கீழே என் பெயரைப் போட்டுக்கொண்டார் என்று பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. தலைப்பிலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரை எழுதியவள் நான். உங்கள் செய்தியாளரும் சென்ற வியாழக்கிழமை உள்பக்கத்தில், "வாசகத்தை மருத்துவரே தயாரித்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது" என்று எழுதியிருக்கிறார். கருதியவர் யார் என்று எழுதவில்லை. நான் படித்த கான்வென்ட் பள்ளியில் இப்படி ஆளில்லாத வாக்கியத்தை எழுதினால் மதர் கொலம்பா தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலம் என நம்புகிறேன். சென்ற புயலில் உங்கள் அலுவலகப் பெயர்ப்பலகையிலிருந்து விழுந்த எழுத்து மறுபடி பொருத்தப்பட்டிருப்பதைப் பேருந்திலிருந்து பார்த்தேன். மகிழ்ச்சி. கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

நான் திருமதி பெர்பெத்துவா ஃபோக். கப்பல் கம்பெனியில் சரக்குப் பிரிவின் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்று, சென்ற இலையுதிர் காலத்தில் காலமான திரு. ஃபோக் பாக்-யினின் மனைவி. டாக்டர் முய் நேதன் சாலைக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில் உள்மருத்துவம் பார்ப்பவர். பல வருடங்களாக எங்கள் இருவருக்கும் அவர்தான் டாக்டர். இப்போது மருத்துவர் ஒழுங்குக் குழு அவரை விசாரணைக்கு அழைத்திருக்கிறது. காரணம் என் அறிவிப்பு. குற்றச்சாட்டுகள் இரண்டு. தன்னைத் தானே விளம்பரம் செய்துகொண்டார் என்பது ஒன்று. தனக்குச் சம்பந்தமில்லாத மருத்துவமனையைத் தன் மருத்துவமனை என்று சொல்லிக்கொண்டார் என்பது இன்னொன்று. இரண்டையும் செய்தவள் நான்தான் என்பதை விளக்கவே இந்தக் கடிதம். தயவுசெய்து முழுவதையும் வெளியிடுங்கள். சுருக்க வேண்டாம்.

முதலில் அறிவிப்பின் எழுத்துநடை பற்றிய சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். அதைக் கிளப்பியவள் என் வகுப்புத் தோழி திருமதி ச்சோய். மாஜோங் ஆட்ட மேசையில் எல்லோர் முன்னிலையிலும் கேட்டாள்: "பெர்பெத்துவா, கான்வென்ட்ல படிச்சவ நீ. மீன் வாங்குற சீட்டைக்கூட இங்கிலீஷ்ல எழுதுவ. இவ்வளவு நல்ல சீனம் உனக்கு எங்கேருந்துடி வந்துச்சு?"

"சீன வாத்தியார் வகுப்புல நீ தூங்கினப்போ நான் முழிச்சிருந்தேன்" என்றேன்.

"தூங்கினேனா? நான் உன் கட்டுரையப் பாத்து எழுதிக்கிட்டிருந்தேன்."

"அதான் ரெண்டு பேருக்கும் ஒரே பரிசு கெடைச்சுது. இப்ப வாய மூடிட்டு ஆடு."

அன்று அவள்தான் ஜெயித்தாள். அது வேறு விஷயம்.

இனி நடந்தது. என் கணவர் காலமான பிறகு டாக்டருக்கு எப்படி நன்றி சொல்வது என்று நெடுநாள் யோசித்தேன். பழக்கூடை கொடுத்தால் அவருடைய உதவியாளர் மிஸ் லாய் அதை வாங்கி, காத்திருக்கும் நோயாளிகளுக்கு உரித்துக் கொடுத்துவிடுவாள். நன்றிப் பலகை செய்து மாட்டலாமென்றால், அவருடைய காத்திருப்பு அறைச் சுவரில் ஏற்கெனவே நோயாளிகள் கொடுத்த பலகைகள் கூரை வரை ஏறிவிட்டன. எல்லாவற்றிலும் பொன்னெழுத்தில் ஒரே மாதிரி நான்கு சொற்கள். ஒன்றில் ஒரு சீன எழுத்துக்கு ஒரு கோடு விட்டுப்போயிருக்கிறது. அதைக் கொடுத்த வாத்துக்கறிக் கடைக்காரர் மனம் நோகக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை, நான் சொன்னேன். ஆகவே செய்தித்தாள்தான் சரி என்று தீர்மானித்தேன். ஆனால் மற்றவர்கள் போடுகிற மாதிரி இல்லாமல், துல்லியமாக. உங்கள் பக்கங்களில் ஒருவர் தன் மூலநோயைக் குணமாக்கியதற்காக ஒரு டாக்டரைச் சூரியனோடு ஒப்பிட்டிருந்தார். சூரியனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

துல்லியத்துக்காக நேதன் சாலைக்குப் போய், கட்டட வாசலில் இருக்கும் டாக்டரின் பித்தளைப் பலகைக்கு முன் பூதக்கண்ணாடியுடன் நின்று பட்டங்களைப் பிரதி எடுத்தேன். காவலாளி வெளியே வந்து, "அம்மா, எடம் வாடகைக்குப் பாக்குறீங்களா?" என்று கேட்டான். இல்லை, படிக்கிறேன் என்றேன். "அதை யாரும் படிக்க மாட்டாங்களே, தொடைக்கிறதுக்குத்தான் வெச்சிருக்கு" என்றான். பட்டங்களில் ஒன்று எனக்குப் புரியவில்லை. ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது டாக்டரிடமே கேட்டேன், எதற்கென்று சொல்லாமல்.

"அதுவா? எடின்பரோல ஒரு குளிர்காலம் முழுக்க மழையில நனைஞ்சேன், ஃபோக் அம்மா. பாவம்னு குடுத்தாங்க."

"விளையாடாதீங்க, டாக்டர். உள்மருத்துவம்ங்கிறதுக்குச் சரியான விளக்கம் என்ன?"

"கத்தியக் கையில குடுக்க யாரும் துணியாதவன்னு அர்த்தம். அதனால உக்காந்து கேக்கணும். இப்ப கொஞ்ச நேரம் பேசாம இருந்தீங்கன்னா நானும் கேப்பேன், உங்க நெஞ்சை."

ஆகவே அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஒழுங்குக் குழு குறித்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் அலுவலக விளம்பரப் பிரிவில் இருந்த பெண் நல்ல பெண். ஆனால் அவளிடமும் அதே நான்கு சொற்கள் அச்சுக்குத் தயாராக இருந்தன. "ஆன்ட்டி, 'கருணை மனம், கைதேர்ந்த கை'. எல்லாரும் இதத்தான் போடுறாங்க. சின்னப் பெட்டிக்குள்ள அழகா உக்காரும்" என்றாள்.

"உக்கார வேணாம். நிக்கணும்" என்றேன்.

நான் எழுதி எடுத்துப்போன தாளைத் தட்டச்சு செய்தாள். தவறு இருந்தது. திருத்தச் சொன்னேன். திருத்தியதில் புதிய தவறு வந்தது. அவளுக்கு என்னை நன்றாக நினைவிருக்கும் என்று நினைக்கிறேன்.

அறிவிப்பில் பட்டங்களுக்குக் கீழே, "நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவமனைகள்" என்று எழுதி இரண்டு பெயர்கள் கொடுத்திருந்தேன். ஒன்று கன்னியாஸ்திரீகள் நடத்தும் புனித வெரோனிகா. அங்கே நோயாளிகளைச் சேர்க்க அவருக்கு உரிமை உண்டு, வாசல் பலகையிலேயே இருக்கிறது. இன்னொன்று மலையோர அரசு மருத்துவமனை. அது பலகையில் இல்லை. அதை நான் சேர்த்தேன். பலகை செய்தவன் விட்டுவிட்டான் என்று நினைத்தேன். ஏனென்றால் அங்கே அவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதைச் சற்று விளக்க வேண்டும். என் கணவர் குளியலறையில் விழுந்தபோது ஆம்புலன்ஸ்காரர்கள் எங்களைக் கேட்கவில்லை. அருகிலிருப்பது எதுவோ அங்கே கொண்டுபோவது அவர்கள் விதி. புனித வெரோனிகாவுக்குப் போகச் சொல்லி வண்டிக்குள்ளேயே வாதாடினேன். "அம்மா, பெல்ட்டப் போடுங்க" என்பதுதான் பதில். அப்படித்தான் மலையோர மருத்துவமனையின் பெரிய வார்டில், நடைபாதையில் போட்ட கட்டிலில், கப்பல் கம்பெனியின் தலைமை எழுத்தர் படுத்திருந்தார். எனக்கு அழுகையைவிட அவமானம்தான் அதிகமாக வந்தது. அன்று மாலை நிமிர்ந்து பார்த்தால் கட்டிலின் கால்மாட்டில் டாக்டர் முய் நிற்கிறார். அந்த நிமிடம் எனக்கு எல்லாம் ஒழுங்குக்கு வந்துவிட்டது. நம் டாக்டர் இங்கேயும் இருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு என் கணவர் போகும்வரை மாலைதோறும் வந்தார்.

வந்தவரை நான் சும்மா விடவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். கட்டிலில் தொங்கிய தாளை அவர் ஒருநாளும் எடுத்துப் பார்க்கவில்லை. "டாக்டர், அந்தத் தாளக் கொஞ்சம் பாருங்க" என்று கடிந்துகொண்டேன். "ஆளைப் பாத்தாலே தெரியுது, ஃபோக் அம்மா" என்றார். வெள்ளைக் கோட்டும் போடவில்லை. சட்டையில் வட்டமாக ஒரு ஒட்டுத்தாள் இருந்தது. என் சட்டையிலும் அதே இருந்தது. அரசு மருத்துவமனையில் டாக்டர்களுக்கும் அதுதான் போலிருக்கிறது, எவ்வளவு மட்டமான நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் என் அண்ணன் மகன் வந்திருந்தான். அன்று டாக்டரைக் காணோம். கீழே போகும்போது பார்த்தால், லிஃப்ட் பக்கத்தில் நின்று அன்னாசி பன் தின்றுகொண்டிருக்கிறார். வேலை நேரத்தில் இப்படியா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன்.

அவர் செய்ததெல்லாம் இதுதான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வார். குச்சியில் சுற்றிய பஞ்சை நனைத்து என் கணவரின் உதட்டை ஈரமாக்குவார். இருவரும் குதிரைப் பந்தயம் பேசுவார்கள். அதை நான் நாற்பது வருடமாகத் தடை செய்திருந்தேன்.

"முய், எட்டாம் நம்பரு என்னாச்சு?" என்று என் கணவர் கேட்பார். குரல் காற்றாகத்தான் வரும்.

"கடைசியா வந்துச்சு, ஃபோக் சார்."

"வந்துச்சில்ல?"

"வந்துச்சு."

"அப்ப சரி. நடுவுல நின்னுடுமோன்னு பயந்தேன்."

இது பேச்சா என்று அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது வீட்டில் தனியாக இருக்கும்போது இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஒழுங்குக் குழு எனக்கு அனுப்பிய கடிதத்தைப் படித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. மலையோர மருத்துவமனைக்கும் டாக்டர் முய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அங்கே ஒரு மாத்திரை எழுத அவருக்கு உரிமை கிடையாது. ஒரு தாளைத் தொட உரிமை கிடையாது. உடனே நேதன் சாலைக்குப் போனேன். மிஸ் லாய் கதவைப் பாதிதான் திறந்தாள். "ஃபோக் அம்மா, இன்னொரு நன்றி சொல்லிடாதீங்க. கிளினிக் தாங்காது" என்றாள். அவளைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"டாக்டர், நீங்க மலையோர ஆஸ்பத்திரியில வேல பாக்கலையா?"

"இல்லீங்களே."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"ஃபோக் சாரப் பாக்க. பார்வை நேரம்னு வாசல்ல எழுதியிருந்துச்சு, வரிசையில நின்னு, அந்த ஒட்டுத்தாள வாங்கி ஒட்டிக்கிட்டு வந்தேன்."

"அன்னைக்கு லிஃப்ட் பக்கத்துல நின்னீங்களே?"

"ஒரு கட்டிலுக்கு ரெண்டு பேருதான் விடுவாங்க. உங்க அண்ணன் மகன் எறங்கட்டும்னு நின்னேன். அவரு எறங்கலை, பன்னு தீர்ந்துபோச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் மேசையில் இருந்த ரப்பர் முத்திரையை நகர்த்தி வைத்தார். பிறகு, "நான் அங்க டாக்டரா நிக்கிறேன்னு நீங்க நெனச்சீங்க. அது உங்களுக்குத் தெம்பா இருந்துச்சு. அதை எடுத்துடணுமான்னு தோணுச்சு. எடுக்கலை" என்றார்.

ஆசிரியர் அவர்களே, விதியை நான் குறை சொல்லவில்லை. மருத்துவர் தன்னைத் தானே புகழக்கூடாது என்பது நல்ல விதி. கடைக்காரர்களைப் போல அவர்களும் கூவ ஆரம்பித்தால் நம் நெஞ்சுவலியைக் கேட்க ஆளிருக்காது. ஒரு மனிதன் எங்கே படித்தான், எந்த மருத்துவமனையில் உத்தரவிடலாம் என்பதைப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நானே எல்லோருக்கும் சொல்லிவந்திருக்கிறேன். இனியும் சொல்வேன். ஆனால் உத்தரவிட முடியாத இடத்தில் வந்து உட்காருவானா என்பதை எந்தப் பலகையில் போடுவார்கள் என்று தெரியவில்லை. அப்படி ஒரு விஷயம் இருப்பதே எனக்குத் தெரியாமல், அதையும் ஒரு மருத்துவமனையின் பெயராக மாற்றி அச்சிட்டுவிட்டேன். என் துல்லியம் இதுவரை யாருக்கும் இவ்வளவு தீங்கு செய்ததில்லை.

குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பிவிட்டேன். அன்புள்ள நோயாளியின் சொல்லை மட்டும் சான்றாகக் கொள்ள இயலாது என்று பதில் வந்தது. நான் அன்புள்ளவள் என்று இதுவரை யாரும் எழுத்தில் தந்ததில்லை. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆகவேதான் உண்மை முழுவதும் டாக்டர் முய்யின் பெயருடனும் பட்டங்களுடனும் உங்கள் பக்கத்தில் வெளிவர வேண்டும் என்கிறேன். ஊர் படித்தால் குழுவும் படிக்கும்.

தங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் ஆரோக்கியமும், தங்கள் அச்சகத்துக்குப் பிழையின்மையும் அருளும்படி தேவமாதாவை வேண்டும்,

பெர்பெத்துவா ஃபோக்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மிஸ் லாய் தொலைபேசியில் அழைத்தாள். "ஃபோக் அம்மா, பேப்பருக்கு எழுதுறீங்கன்னு ச்சோய் அம்மா சொன்னாங்க. வேணாம்மா. டாக்டர் பேரு இன்னொரு தடவ அச்சுல வந்துச்சுன்னா, மொத தடவைய மன்னிக்க நெனைக்கிறவங்களும் மன்னிக்க மாட்டாங்க." யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வது சரி. ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியையும் வெளியிடாதீர்கள். அதற்குப் பதிலாக, உங்களிடம் இருப்பதிலேயே சின்னப் பெட்டியில் இதைப் போடுங்கள்:

"மலையோர அரசு மருத்துவமனையில், பார்வை நேரத்தில், என் கணவர் ஃபோக் பாக்-யினைப் பார்க்க மாலைதோறும் வந்த பார்வையாளர் ஒருவருக்கு நன்றி. பெ. ஃபோக்."

பெயர் வேண்டாம், பட்டம் வேண்டாம். பார்வையாளர்களுக்கென்று ஒழுங்குக் குழு எதுவும் இல்லை என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

முதல் அறிவிப்புக்கு நான் கொண்டுவந்த தாள், நீல மையில், என் கையெழுத்தில், உங்கள் விளம்பரப் பிரிவுப் பெண்ணிடம் இருக்கும். அதை நானே எழுதி, நான் மட்டும் தனியாக வந்து கொடுத்தேன் என்று தங்கள் கையொப்பத்துடன் இரண்டு வரி வேண்டும். மாதக் கடைசியில் குழு கூடுகிறது. அதற்குள் நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.