தங்களை அன்புடன் வரவேற்கிறது

ஊர் சுற்றுகிறவனுக்குச் சிறைகூடப் பரவாயில்லை. சுவர் எங்கே இருக்கிறதென்றாவது தெரியும். எனக்குக் கிடைத்தது ஒரு மாவட்டம்.

பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடித்த தகராறில் ஒருவர் மூக்கை உடைத்தேன். நீதிமன்றம் இரக்கப்பட்டு, நன்னடத்தைக் கண்காணிப்பில் ஒரு வருடம் வெளியே விட்டது. அனுமதியில்லாமல் சிவகங்கை மாவட்டத்தைத் தாண்டினால் உள்ளே. (காரைக்குடியில் இருந்துகொண்டு தாண்டாமலிருப்பது லேசா? சைக்கிளை நாலு மிதி கூடுதலாக மிதித்தால் புதுக்கோட்டை மாவட்டம் வந்துவிடும்.)

அப்போது ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர் வந்து, எங்களைப் போன்றவர்கள் கையில் கேமராவைக் கொடுத்தார்.

"கண்காணிப்புல வாழறது எப்படி இருக்குன்னு நீங்களே படமா எடுத்துட்டு வாங்க. முகம் தெரியக் கூடாது, பேரும் போட மாட்டோம்."

மற்றவர்கள் பூட்டு, செருப்பு, அலுவலக பெஞ்சு என்று எடுத்தார்கள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட மேதை நான் அப்படி எடுப்பேனா? எல்லைப் பலகையை எடுத்தேன். 'சிவகங்கை மாவட்டம் தங்களை அன்புடன் வரவேற்கிறது.' வெளியே விடாத மாவட்டம் வரவேற்கிறதாம்! என்ன குத்தல்!

கண்காட்சியில் என் படம்தான் நடுவில், பெரிதாக. பெயர் இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலேயே நின்றுகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் "நான் எடுத்தது" என்றேன். நன்னடத்தை அலுவலரிடமும்.

அவர் படத்தை ரசித்துப் பார்த்தார். (ரசித்தார் என்றுதான் நினைத்தேன்.)

"ஏம்ப்பா, எங்குட்டு நின்னு எடுத்த?"

"ரோட்டோரமா சார்."

ஆராய்ச்சிப் பெண் எனக்கு உதவ வந்தார். "அதான் சார் இதுல விசேஷமே. வெளிய நின்னு உள்ள பாக்குறாரு!"

"அதத்தாம்மா நானும் பாக்குறேன். உள்ள நின்னு எடுத்திருந்தா 'நன்றி, மீண்டும் வருக'ன்னுல்ல இருக்கணும்?"

"காலு நம்ம மாவட்டத்துலதான் சார் இருந்துச்சு. கைய மட்டுந்தான் அங்குட்டு நீட்டுனேன்."

"நீட்டுன கைதானப்பா உன்னைய எங்கிட்டக் கொண்டாந்துச்சு!"

நீதிமன்றத்துக்கு எழுதாமல் விட்டார், புண்ணியவான். பதிலுக்கு, மிச்சக் காலம் முழுக்கத் தினமும் அவர் போனுக்கு நான் ஒரு படம் அனுப்ப வேண்டும். "இதுல மூஞ்சியும் தெரியணும், நிக்கிற இடமும் தெரியணும்."

அந்த வருடம் முடிந்து அவரும் மாற்றலாகிப் போய்விட்டார். ஆராய்ச்சி மட்டும் முடியவில்லை; என் மனைவி ஏற்று நடத்துகிறாள். டீ குடிக்கப் போய்ச் சற்றுத் தாமதமானால் போதும், போன் வந்துவிடும்.

"போர்டுக்கு எங்குட்டு நிக்கிறீக? மூஞ்சி தெரியிற மாதிரி ஒரு படம் அனுப்புங்க."