பின்பக்கமாக ஓடிய கல்யாண மோட்டார்

மனிதன் தன் முதுகைத் தானே பார்க்க முடியாதபடி ஆண்டவர் படைத்திருக்கிறாரே, அது அவர் நமக்குச் செய்த பெரிய உபகாரம். என் கல்யாணத்தன்று கோயிலில் இருந்த அத்தனை பேரும் என் முதுகைப் பார்த்தார்கள். ஆசீர்வாதம் முடியும்வரை பார்க்காதவர்கள் மூன்றே பேர்: நான், பெண், போதகர். கல்யாணம் நல்லபடியாக முடிந்ததற்கு அதுதான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

சீமையில் முதல் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். பத்தமடைக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரு அரிசி மில். அங்கே புது இஞ்சின் வந்துவிட்டதால் பழைய மண்ணெண்ணெய் இஞ்சின் மூலையில் சும்மா கிடந்தது. அந்த நேரம் பார்த்து, ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையின் மோட்டாரை நானும் வேதமாணிக்கம் அத்தானும் விலைக்கு வாங்கினோம். அத்தான் என் அக்கா புருஷன். சர்வே ஆபீஸில் குமாஸ்தா. நிலத்தை அளக்கிறவருக்கு உலகத்தில் எதையும் அளந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு. (எனக்கு அந்த நினைப்புகூடக் கிடையாது. அத்தான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மட்டும் நினைப்பேன்.)

துரை அந்த மோட்டாரின் பின்பாதியை அறுத்தெடுத்துவிட்டு, சாமான் ஏற்றுவதற்காகப் பலகை அடித்து வைத்திருந்தார். இஞ்சின் வெடித்து வாய் பிளந்து கிடந்தது. கியர் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் இருந்தன, பல் ஒன்றுகூட இல்லை. பெட்ரோலோ சண்டைக் காலத்தில் கண்ணில் காணக் கிடைக்காத சரக்கு.

"மாப்ளே, எதுக்கு யோசிக்க? நம்ம மில் இஞ்சினத் தூக்கி இதுல வையி. கியருக்குப் பதிலா மில் வாரை மாட்டு. நெல்லக் குத்துத இஞ்சினு சக்கரத்தச் சுத்தாதா?" என்றார் அத்தான்.

இதை அவர் சொல்லி முடிக்கும்போது நான் இஞ்சினைக் கழற்ற ஆரம்பித்திருந்தேன்.

இதற்கிடையில் பாளையங்கோட்டையில் தேவசகாயம் வாத்தியாரின் மகள் எஸ்தரை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். எஸ்தரை நான் இரண்டு தடவை பார்த்திருந்தேன். இரண்டு தடவையும் வாய் அடைத்துப்போனதால் பேசவில்லை. ஆனால் அவள் அப்பாவிடம் மட்டும் வாயைக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு மோட்டாரில் வருவேன், ஊர்வலமும் மோட்டாரில்தான் என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ அடி விழப்போகிறது என்று அவரிடம் படித்தவர்கள் சொல்வார்கள்.

"மோட்டாரு எங்க இருக்கு?"

"செஞ்சிக்கிட்டு இருக்கோம்."

"சரி. பத்து மணிக்குக் கோயில் மணி அடிக்கும். மணி நிக்கதுக்குள்ள மாப்பிள்ளை உள்ள வந்துரணும். வரலேன்னு வையும், எங்க அக்கா மவன் ஜெபமணி கோட்டுப் போட்டுக்கிட்டு முதல் பெஞ்சுலதான் உக்காந்திருப்பான். வந்த சனத்தச் சும்மா அனுப்ப முடியாது பாரும்."

ஜெபமணி முறைமாப்பிள்ளை. என்னைவிட உயரம். பாட்டும் பாடுவான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. (மூன்று வாரம் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல் அவனுக்குப் பெண்ணைக் கட்டிவைக்க முடியாது என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பயந்தவனுக்குச் சட்டம் ஞாபகம் வருமா?)

ராப்பகலாக வேலை பார்த்தோம். இஞ்சினைப் பலகைமேல் ஏற்றி போல்ட் முடுக்கினோம். கியர் பெட்டி இருந்த தண்டில் இரண்டு கப்பிகளை மாட்டினோம். ஒன்று சக்கரத்தை இழுக்கும். மற்றது வேலை செய்யாமல் சும்மா சுற்றும். ஒரு கம்பால் தோல் வாரைத் தள்ளினால் இதிலிருந்து அதற்குப் போகும். அவ்வளவுதான் எங்கள் கியர். வண்டிக்கு இரண்டே நிலைமை, ஓடுவது அல்லது நிற்பது. வாரை மில்லில் மாட்டுகிற மாதிரியே குறுக்கே முறுக்கி மாட்டினோம். மில்லில் எப்போதும் அப்படித்தான் இருந்தது. ஏன் அப்படி என்று இருவரும் கேட்டதில்லை.

கட்டையில் ஏற்றி வைத்து ஓட்டிப் பார்த்தபோது பின்சக்கரம் இரண்டும் ஜம்மென்று சுற்றின. நான் அத்தானைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். சக்கரம் சுற்றுகிறதா என்று பார்த்தோம். எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாளே உறவுக்காரர் அத்தனை பேரும் ஊரிலிருந்த எல்லா மாட்டுவண்டிகளையும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலை நான் வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டையில் மோட்டாரில் ஏறி உட்கார்ந்தேன். அத்தான் பெருமிதத்தோடு கம்பைத் தள்ளினார். மோட்டார் ஒரு குலுக்குக் குலுக்கி, பின்பக்கமாகப் போய்த் தவிட்டுக் குவியலுக்குள் நுழைந்தது.

மறுபடியும் முயன்றோம். மறுபடியும் தவிடு.

முறுக்கி மாட்டிய வார் சக்கரத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றும் என்பது அப்போதுதான் எங்கள் மூளையில் ஏறியது. அரிசி குத்துகிற உருளை அந்தப் பக்கம் சுற்ற வேண்டும், அதற்காகத்தான் மில்லில் முறுக்கி வைத்திருக்கிறார்கள். முறுக்கை எடுத்தால் வார் தொளதொளவென்று தொங்கும். வெட்டித் தைத்துத் தருகிற ஆளும் எங்கள் கல்யாணத்துக்குத்தான் போயிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண் முன்னால் ஜெபமணி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏலே, எதுக்கு அழுத? பாளையங்கோட்டைக்குப் பின்னால போகக்கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு போட்டிருக்கா? மூஞ்சி எங்கன இருந்தா என்ன, வண்டி அங்கன போய்ச் சேந்தாச் சரி" என்றார் அத்தான்.

மில் ஆட்களைக் கொண்டு மோட்டாரைத் திருப்பி, அதன் பின்பக்கத்தைப் பாளையங்கோட்டையைப் பார்க்க வைத்தோம். நான் பத்தமடையைப் பார்த்தபடி உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தேன். அத்தான் பலகையின் கடைசியில் நின்றுகொண்டு வழி சொன்னார். அவருக்கு வலது எனக்கு இடது. முதல் திருப்பத்திலேயே இதனால் ஒரு வைக்கோல் படப்பில் பாதியைத் தள்ளிக்கொண்டு போனோம். அப்புறம் அத்தான் மூளையைச் செலவழித்தார். ரோட்டுக்கு ஒரு பக்கம் தாமிரபரணி, மறுபக்கம் பாறைக் குன்று. "ஆத்துப் பக்கம்!" என்று கத்தினால் ஆற்றின் பக்கம் ஒடிப்பேன். "பொத்தைப் பக்கம்!" என்றால் குன்றின் பக்கம். இதில் இடம் வலம் என்ற குழப்பமே இல்லை.

மோட்டார் டக்குடக்கென்று பல்லெல்லாம் ஆட ஓடியது. மாட்டை முந்தினோம். நாய்களை முந்த முடியவில்லை, அவை கூடவே வந்தன. முன்னீர்ப்பள்ளத்தில் ஒருவர் வாயில் வைத்த வேப்பங்குச்சியை எடுக்க மறந்து நின்றார்.

"அண்ணாச்சி, வாரியளா போறியளா?"

"கல்யாணத்துக்கு வே!" என்று கத்தினேன். அவர் என் முகம் இருந்த திசையையும் வண்டி போன திசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புடிக்கலேன்னா இறங்கி ஓடிரும் மாப்பிள்ள! இப்படியா பைய நழுவுவாக?"

சொன்னால் நம்பமாட்டீர்கள், பயமெல்லாம் போய் எனக்குச் சிரிப்புப் பொங்கியது. போன வழி முழுவதும் என் கண் முன்னால் விரிந்துகொண்டே போயிற்று, வயலும் கொக்கும் துரத்துகிற பிள்ளைகளுமாக. நாங்கள் மறந்தது புகையை மட்டும்தான். வண்டி முன்னால் போயிருந்தால் புகை ஊருக்குப் போயிருக்கும். பின்னால் போனதால், என் ஆசனத்துக்குப் பின்னால் இருந்த இஞ்சின் கக்கியது அத்தனையும் என் முதுகில் வந்து ஒட்டியது. அத்தான் புகைக்கு அந்தப் பக்கம், ரோட்டைப் பார்த்து நின்றதால் அவருக்கும் தெரியவில்லை.

பாளையங்கோட்டைக்குள் ஒரு தெரு திரும்பியதும் ஆறு நேர் எதிரே போய்விட்டது. "ஆத்துப் பக்கம்" என்றால் எந்தப் பக்கம் ஒடிப்பது? கத்திரிக்காய்க் குவியல் ஒன்றைக் கேட்டால் சொல்லும். அப்போது கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. அத்தான் கம்பை இழுத்தார். கோயில் வாசலில் மோட்டார் நின்றது. அத்தான் முன்பக்கமாக வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "ராஜா மாதிரி இருக்கே மாப்ளே, ஓடு!" என்றார்.

ஓடினேன். மணி நின்றபோது நான் பீடத்துக்கு முன்னால் நின்றேன். வாத்தியார் கண்ணாடியைத் துடைக்கவில்லை. முதல் பெஞ்சில் ஜெபமணி கோட்டோடு உட்கார்ந்திருந்தான். எஸ்தர் முக்காட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

போதகர் ஜெபத்தைத் தொடங்கியதும் பின்னால் ஒரு இருமல். அப்புறம் நாலைந்து இருமல். ஞானப்பாட்டின் நடுவில் பெண்கள் பக்கம் பாட்டு நின்று வேறு சத்தம் கேட்டது. உடன்படிக்கை சொல்லும்போது என் குரல் நடுங்குவதைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்து, இன்னும் உரக்கச் சொன்னேன். ஜெபமணி கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினான். ஆசீர்வாதம் முடிந்து நானும் எஸ்தரும் சபையைப் பார்த்துத் திரும்பினோம். அப்போதுதான் போதகர் என் முதுகைப் பார்த்திருக்கிறார். "ஆமென்" என்றவர் "ஆ" என்பதோடு நின்றுவிட்டார்.

கோயிலுக்கு வெளியே அக்கா சொல்லித்தான் கோட்டைக் கழற்றினேன். முன்பக்கம் மல்லிகைப் பூ. பின்பக்கம் அடுப்பில் வைத்த சட்டி. அப்படியே தாமிரபரணியில் போய் விழலாம் என்று இருந்தது. (எந்தப் பக்கம் ஆறு என்று தெரிந்தால் அல்லவா?)

"மோட்டார் ஊர்வலம்னு சொன்னீரு, ஏறும்" என்றார் வாத்தியார். அவர் சொல்லை மீறமுடியாது. பெண் மாப்பிள்ளை பெயர் போட்டு நெய்த பத்தமடைப் பாயைப் புகை படாமல் எங்கள் முதுகுக்குப் பின்னால் அத்தான் கட்டினார். அவரே ஸ்டியரிங் பிடித்தார், வழி சொல்ல மேளக்காரர் ஒருவர் பலகையில் ஏறினார். மோட்டார் பின்பக்கமாகப் புறப்பட்டது.

எந்த ஊர்வலத்திலும் பின்னால் வருகிற சொந்தக்காரர்கள் பார்ப்பது மாப்பிள்ளை பெண்ணின் முதுகைத்தான். எங்கள் ஊர்வலத்தில் எல்லோரும் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். முதல் வரிசையில் வாத்தியார். மகளை விட்டு அவர் கண் நகரவே இல்லை. எஸ்தர் அவரைப் பார்த்து அழுதாள், அப்புறம் வண்டி குலுங்கிய குலுக்கலில் அழுகை சிரிப்பாகிவிட்டது. தெரு முடியும்போது அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். அவர் துடைத்தது கண்ணாடியை அல்ல, கண்ணை.

"நல்ல மோட்டாருவே" என்றார் என்னிடம்.

அந்த மோட்டாரின் இஞ்சின் மறுபடி மில்லுக்குப் போய் நெல் குத்தியது. ஆனால் எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் கல்யாண ஊர்வலத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரு தெருவுக்காவது பின்பக்கம் பார்த்து உட்காரவைத்துத்தான் கூட்டிப்போகிறோம். சம்பந்தக்காரர்கள் என்ன சம்பிரதாயம் என்று கேட்டால், பழைய வழக்கம் என்று சொல்லிவிடுகிறோம்.

நான் வெளியே கிளம்பும்போதெல்லாம் எஸ்தர் வாசலில் மறித்து, "திரும்பி நில்லுங்க" என்பாள். இத்தனை வருஷமாக ஒரு நாளும் விட்டதில்லை. முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளைகளுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுவாள்:

"அன்னைக்கு முன்பக்கத்த மட்டும் பாத்துச் சரின்னு சொல்லிட்டேன். ஊரு பூரா பின்பக்கத்தப் பாத்துட்டு இருமுச்சு. ஒருத்தராவது என்னன்னு சொன்னாகளா?"