கடைசித் தாளை எரித்துவிடவும்

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

பணிவான வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் பத்திரிகை அலுவலகத்தில் உள்ள அனைவரும் நல்ல சுகத்துடன் இருக்கவும், தங்கள் அச்சு இயந்திரம் மட்டும் இந்த ஒரு வாரத்துக்குச் சுகமில்லாமல் படுத்துக்கொள்ளவும் முருகப்பெருமானை வேண்டிக்கொள்கிறேன்.

நான் டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். பன்னிரண்டாம் தரம், கலைப்பிரிவு. என் பெயரும் வேண்டாம். சென்ற மாதம் தங்களுக்கு அனுப்பிய கட்டுரையின் அடியில் அதை முழுதாக, விலாசத்தோடு, அழகான கையெழுத்தில் எழுதித் தொலைத்திருக்கிறேன். ‘செய்திகளில் நான் கண்ட அரசியல்’ என்று தலைப்பு, நான்கு தாள். அதைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம் என்று காலில் விழுந்து கேட்கவே இக்கடிதம்.

நானாக அரசியலுக்குப் போகவில்லை ஐயா. எங்கள் அரசறிவியல் ஆசிரியர் ஞானரட்ணம் சார், ஐந்து மாதத்து அரசியல் செய்திகளை வெட்டி ஒட்டி, அவற்றைப் பற்றிச் சொந்தமாக யோசித்து எழுதச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் தேர்தல் முறை, வரவுசெலவுத் திட்டம் என்று தூரத்து விஷயங்களைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிட்டார்கள். நான், நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு மேலே நிற்கும் மலையைப் பற்றிய செய்திகளை வெட்டினேன். போன வருடக் கடைசியில் பெய்த பெருமழையில் அந்த மலையில், எங்கள் கூரையிலிருந்து இருபது அடி மேலே, நீளமாக ஒரு வெடிப்பு விழுந்தது. கீழே ஏழு வீடு. ஜனவரியில், பாதுகாப்பான இடத்தில் காணி வழங்கப்படும் என்று செய்தி வந்தது. பெப்ரவரியில், காணி அடையாளம் காணப்பட்டுவிட்டது என்றார்கள். மார்ச்சில், காணியை அடையாளம் காண்பதற்குக் குழு அமைக்கப்படும் என்றார்கள். ஏப்ரலில் அமைச்சர் ஒருவர் நேரில் வந்து பார்வையிட்டதாகப் படத்துடன் வந்தது. மே மாதம் ஒன்றும் வரவில்லை. ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற வாக்கியம் மட்டும் பதினொரு இடத்தில் இருந்தது. அது செயப்பாட்டு வினை என்பதால் எடுப்பவர் யார் என்று ஓரிடத்திலும் இல்லை. எதிர்க்கட்சிக்காரர் கேட்ட கேள்வியை ஆளுங்கட்சிக்காரர் முன்பு எதிர்க்கட்சியில் இருந்தபோது கேட்டிருக்கிறார், இவர் இப்போது சொன்ன பதிலை அவர் அப்போது சொல்லியிருக்கிறார், வசனம் அதேதான், ஆட்கள்தான் கதிரை மாறியிருக்கிறார்கள் என்றெல்லாம் எழுதி, ‘இந்த ஐந்து மாதத்தில் உண்மையில் வளர்ச்சி கண்டது வெடிப்பு மட்டுமே’ என்று முடித்தேன். அது அலங்காரத்துக்காக எழுதியது அல்ல. சனிக்கிழமைதோறும் அடிமட்டத்தை வைத்து அளந்து கொப்பியில் குறித்து வந்தேன். ஜனவரியில் நான்கு சென்ரிமீற்றர், இப்போது பதினொன்றரை. எல்லாக் கணக்கையும் திகதியோடு நான்காவது தாளில் பார்த்து எழுதியிருந்தேன்.

சார் வாசித்துவிட்டு, “இத பேப்பருக்கு அனுப்புங்க, நல்லா இருக்கு” என்றார். புகழ்ச்சியில் மயங்கி அக்கரப்பத்தனையில் தபால்பெட்டிக்குள் போட்டேன். கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டதும் அதைத் திரும்ப எடுத்துவிடத் தோன்றியது. கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போனது, அதற்கு மேல் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் தபால்பெட்டிக்குள் என்ன தேடுகிறாய் என்று சிங்களத்தில் கேட்க, கையை உருவிக்கொண்டு ஓடிவந்தேன்.

விஷயத்தை என் தோழி பெற்றீசியாவிடம் மட்டும், மாதா மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னேன். அவள் சத்தியம் தவறாமல் தன் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னாள். அவர் தண்ணீர் பிடிக்கப் பீலிக்கு வந்தார். திங்கட்கிழமை பீலிக்கரையில் நான் மலையைப் பற்றி எழுதியிருந்தேன். புதன்கிழமை அமைச்சரைத் திட்டி எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை அமைச்சர் மேல் கொழும்பில் வழக்கே போட்டிருந்தேன்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பா அன்று சாயங்காலம் வந்து கதவைச் சாத்தினார்.

“காணி லிஸ்டுல நம்ம பேரு இருக்கா இல்லையான்னே தெரியல. இருந்தா வெட்டிருவாங்க, இல்லாட்டி இனிமே போட மாட்டாங்க. ஒனக்கெதுக்கு புள்ள அரசியலு?”

“பாடம்ப்பா.”

“வேற பாடமே இல்லையா? பூகோளம் படிக்கலாம்ல?”

“அதுலயும் மண்சரிவு வருதுப்பா.”

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை ஐயா. வெடிப்பைப் பார்க்கும் பார்வைதான் அது.

மறுநாளே எங்கள் தொழிற்சங்கத் தலைவர் சின்னராசா வீட்டுக்கு வந்தார். கல்யாணத்துக்குச் சொல்வதற்குத் தவிர எங்கள் வாசற்படி ஏறாதவர். அம்மா நிறையச் சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார்.

“புள்ள கொப்பியில என்னமோ அளந்து அளந்து எழுதுதாமே?” என்று தலைவர் கேட்டார்.

“அதெல்லாம் இல்லீங்க தலைவரே. கோலம் போடப் பழகுது” என்றார் அப்பா.

“முழுப் பேரு என்னா? எத்தனாம் வகுப்பு?”

சொன்னதைச் சின்ன டயரியில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து போனார். நம் வீட்டில் தேத்தண்ணி குடிக்காமல் ஒருவர் எழுந்து போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பாவும் அம்மாவும் ஒரு மணி நேரம் பேசினார்கள். நல்ல அர்த்தம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பிறகு அப்பா என் கொப்பி, வெட்டி வைத்த செய்திகள், எழுதாத வெறுந்தாள்கள் எல்லாவற்றையும் அள்ளி அடுப்பில் வைத்தார். கொப்பி அட்டை சுலபத்தில் பிடிக்காமல் என் பெயரையே காட்டிக்கொண்டிருந்தது. அம்மா விறகுக் கட்டையால் அதை உள்ளே தள்ளினார்.

அன்று முதல் பாண் விற்கும் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால்கூட அப்பா எழுந்து நிற்கிறார். எனக்கோ இரண்டு பயம். மலை வந்துவிடும் என்பது ஒன்று, என்னைப் பிடித்துப் போக ஜீப் வந்துவிடும் என்பது ஒன்று. மழை பெய்தால் பாதை சேறாகிவிடும், ஜீப் வராது. ஆனால் மலை வரும். வெயில் அடித்தால் மலை வராது, ஜீப் வரும். வானம் எப்படி இருந்தால் நல்லது என்று எனக்குத் தெரியவில்லை ஐயா. வானொலியில் செய்தி தொடங்கினால் வானிலையைக் கேட்பதற்குள் அரசியல் வந்துவிடுகிறது, அம்மா மூடிவிடுகிறார்.

ஆகவே என் கட்டுரையைப் பிரசுரிக்க வேண்டாம். சுருக்கியும் வேண்டாம், பெயர் மாற்றியும் வேண்டாம். குறிப்பாக, கணக்குகள் உள்ள கடைசித் தாளை முதலில் கிழித்து எரித்துவிடும்படி அப்பா சொல்லச் சொன்னார். கிழித்தால் மட்டும் போதாதாம், ஒட்டிவிடுவார்களாம்.

தங்கள் பத்திரிகை என் கட்டுரை இல்லாமல் நீடூழி வாழ்க. அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் எங்கள் வீட்டார் அனைவரது அன்பும் பயமும்.

இப்படிக்கு,
பெயர் வேண்டாத மாணவி

பி.கு.: ஐயா, மேலே எழுதியதில் எதையும் செய்துவிட வேண்டாம். புதிதாக ஒரு கடிதம் எழுதத்தான் நினைத்தேன். வெறுந்தாளை எல்லாம் எரித்துவிட்டதால் கையில் மிஞ்சியது கடன் வாங்கிய இந்தத் தாளின் பின்பக்கம்தான்.

மழையில் பஸ் ஓடாததால் இக்கடிதத்தைத் தபாலில் போட முடியவில்லை. சனிக்கிழமை காலை மழை விட்டது. ஜீப் வந்தது. ஏழு வீட்டுக் கதவும் ஒரே நேரத்தில் சாத்திக்கொண்டன. எங்கள் கதவுதான் தட்டப்பட்டது. வெளியே மழைக்கோட்டு போட்ட ஒரு அதிகாரியும் தலைவரும்.

“கவுத கிருஷாந்தி?” என்றார் அதிகாரி. கிருஷாந்தி யார் என்று கேட்கிறார். நான்தான் ஐயா அது.

“அப்பிடி யாரும் இல்லீங்க” என்றார் அம்மா. “இருந்துச்சு. கொழும்புக்கு வேலைக்குப் போயிருச்சு.”

அடுப்படியில் விறகுக்குப் பின்னால் குந்தியிருந்த எனக்குப் புகையில் தும்மல் வந்தது. அம்மா, “பூன” என்றார்.

தலைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “பூன செருப்புப் போட்டிருக்கே, வீரம்மா?”

வெளியே வந்தேன். அதிகாரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பய வெண்ட எபா, துவே” என்றார். பயப்படாதே மகளே என்று சொல்கிறார் என்று புரிந்தது. புரிந்ததும் பயம் கூடியது.

“என்னத்துக்கு இப்பிடி நடுங்குறீங்க?” என்றார் தலைவர். “இவரு மண்சரிவு பாக்குற ஐயா. இங்க ஒரு புள்ள வாராவாரம் வெடிப்ப அளக்குதுன்னு நாந்தான் போய்ச் சொன்னேன். பேரச் சொன்னாத்தான வந்து பாப்பாங்க, அதான் எழுதிக்கிட்டேன். கொப்பிய எடுத்துட்டு வா புள்ள.”

“அப்ப ஏன் அன்னைக்குத் தேத்தண்ணி குடிக்கல?” என்று அம்மா கேட்டார்.

“எனக்குச் சீனி வியாதிம்மா. நீங்க கேட்டீங்களா?”

இன்றைக்கு வெடிப்பு எவ்வளவு என்பதை அதிகாரி அளந்துகொள்ளலாமாம். ஜனவரியிலிருந்து எப்படி நகர்ந்து வந்திருக்கிறது என்று காட்டினால்தான், ‘அவதானிக்கப்படும்’ என்பதற்குப் பதிலாக ‘உடனே வேறிடம் கொடுக்க வேண்டும்’ என்று அறிக்கை எழுத முடியுமாம். தலைவர் இதைத் தமிழில் சொல்லி முடித்தார். அப்பா அடுப்பைப் பார்த்தார்.

“புள்ள மேல தப்பில்லீங்க. நாந்தான் எரிச்சேன்” என்றார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை, ஆனால் அதே வாக்கியத்தை மூன்று முறை சொன்னார்.

நான்காவது தாள் கொழும்பில் தங்கள் அலுவலகத்தில் இருக்கிறது என்று நான் அப்போதுதான் வாய் திறந்தேன். இரண்டு வாரத்துக்குள் அதைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, அதுவரை ஏழு குடும்பமும் லயத்தில் தங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துப் போனார் அதிகாரி. இப்போது எல்லோரும் எங்கள் பாடசாலை மண்டபத்தில் இருக்கிறோம். ஆகவே அந்தத் தாளைக் கண்போல் காத்து, உடனே பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கவும். கட்டுரையையும் பிரசுரிக்கவும். பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை ஐயா.

இன்று காலை முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி வாங்குப் பலகையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, அப்படி என்னதான் எழுதினாய் என்று அப்பா கேட்டார். நினைவிலிருந்து முழுவதும் சொன்னேன். ஒரு இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அமைச்சரு வந்தது செவ்வாக்கிழம இல்ல புள்ள, புதன்கிழம. நாந்தான் அவருக்குக் கொட புடிச்சேன். படம் புடிச்சு முடியிற வரைக்கும் வெடிப்புக்கு முதுகக் காட்டிக்கிட்டுத்தான் நின்னாரு, ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கல. அதையும் சேத்துப் போடச் சொல்லு.”

“யாரு சொன்னான்னு கேட்டாங்கன்னா?”

அப்பா மண்டபத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். கதவையும் பார்த்தார்.

“கொட புடிச்ச செல்லசாமின்னு போடு.”