கீழ்க்கரைச் சான்றிதழ் எண் ஒன்று

இருகரை என்றொரு நாடு. நடுவில் ஆறு. ஆறு என்பது பெயருக்குத்தான். அதில் தண்ணீர் ஓடிய நாட்களைவிட மணல் லாரி ஓடிய நாட்களே அதிகம். மேல்கரையில் அரண்மனை, நீரேற்று நிலையம், வீட்டுக்கு வீடு குழாய். கீழ்க்கரையில் நாலாயிரம் குடும்பம், மூன்று அடிபம்பு.

மன்னர் நகைமுகச் செம்மல் கீழ்க்கரைக்கு ஒருநாளும் போனதில்லை. போக வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தார். இரண்டு நண்பர்கள் வரும் சிரிப்புப் படங்கள் நாட்டில் பதினேழு வந்திருந்தன, பதினேழையும் பார்த்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே கதை. மேல்கரை நண்பன் சிவப்பாக இருப்பான், கார் ஓட்டுவான், காதலிப்பான், யோசிப்பான். கீழ்க்கரை நண்பன் கறுப்பாக இருப்பான், பின் சீட்டில் உட்கார்ந்து அடுத்தவன் டிபனைத் தின்பான், பேய் என்றால் நடுங்குவான், வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவான், பின்மண்டையில் அடி வாங்குவான். கடைசிக் காட்சியில் நண்பனின் கல்யாணத்துக்குக் கைதட்டுவான்.

பதினேழாவது படம் முடிந்து வெளியே வந்த மன்னர் ஒரு சட்டம் போட்டார். கீழ்க்கரையார் நண்பர்களின் டிபனைச் சாப்பிட்டே நன்றாக இருக்கிறார்கள். ஆகவே அங்கே ரேஷன் கடைகள் வேண்டாம். குலுக்கல் முறையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மேல்கரை நண்பர் ஒதுக்கப்பட்டார். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மண்டையடி என்று அரசாணையிலேயே இருந்தது. சோறு சில வீடுகளில் கிடைத்தது. அடி எல்லா வீடுகளிலும் கிடைத்தது.

அரசவையில் கீழ்க்கரைக்கென்று ஒரே ஓர் இடம் உண்டு. தேர்தல் வந்தபோது அதற்கு நிற்பதென்று குருவம்மாள் முடிவு செய்தாள். நீரேற்று நிலையத்தில் மோட்டார் பழுது பார்ப்பவள் அவள். பகலெல்லாம் மேல்கரைக்குத் தண்ணீர் ஏற்றிவிட்டு, வீடு திரும்பி ஒரு குடத்துக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பாள். ஒரு குழாயை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இழுத்துவிட எவ்வளவு நேரம் ஆகும் என்பது நாட்டிலேயே அவளுக்குத்தான் தெரியும். நான்கு நாள்.

வேட்பாளருக்கும் வாக்காளருக்கும் கீழ்க்கரைச் சான்றிதழ் வேண்டும் என்று அதற்குள் புதுச் சட்டம் வந்துவிட்டது. சான்றிதழ் அதிகாரி கோமளநாதர் படங்களை வைத்தே பரிசோதனை வகுத்திருந்தார். அலுவலக வாசலில் வாழைப்பழத் தோல் போடப்பட்டிருந்தது. குருவம்மாள் அதை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அதிகாரி முகம் வாடிவிட்டது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு சேவகன் பேய்போலக் கத்தினான். அவள் குனிந்து பார்த்து, முதுகு வலிக்கப்போகிறது, எழுந்திரு என்றாள். முறைப்படி அவள் பின்மண்டையில் தட்ட அதிகாரி கை ஓங்கினார். அந்தக் கை பாதி வழியிலேயே பிடிபட்டது.

"நீ கீழ்க்கரைதான் என்பதற்கு எள்ளளவும் ஆதாரமில்லை அம்மா," என்றார் கோமளநாதர், மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே.

"எங்கம்மா, அவங்கம்மா, நான் எல்லாரும் பொறந்தது அங்கதான் ஐயா."

"பிறப்பை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். பதினேழு படங்களில் உன்னைப்போல ஒருத்தியைக் காட்ட முடியுமா?"

காட்ட முடியவில்லை. மனு தள்ளுபடியானது. வெளியே வந்தவளுக்கு ஆத்திரத்தில் அழுகை முட்டியது. அதே நேரத்தில் வாசலில் பெருத்த சத்தம். பதினேழு படங்களிலும் கீழ்க்கரை நண்பனாக நடித்த ஆலாலசுந்தரம், புதிதாகப் போட்டிருந்த தோலுக்கு வந்துசேரும் முன்பே, இரண்டு காலும் மேலே தெரிய விழுந்து கிடந்தார். மேல்கரை மூன்றாம் வீதிக்காரர். முகத்தில் அடுப்புக்கரியும் தேங்காய் எண்ணெயும். அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்து, எண் ஒன்று என்று போட்டு முதல் சான்றிதழை அவருக்கே எழுதிக் கொடுத்தார். அடுத்த பத்துச் சான்றிதழ்களும் அவருடைய நடிகர் குழுவுக்கே கிடைத்தன. தேர்தலில் பதிவான பதினொரு வாக்குகளையும் பெற்று அவர் வென்றார்.

முதல் கூட்டம் சித்திரை வெயிலில் நடந்தது. கீழ்க்கரைக்குக் குழாய் கேட்டு நாலாயிரம் கைநாட்டோடு ஒரு மனு வந்திருந்தது. குருவம்மாள் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தாள். என்னதான் நடிகர் என்றாலும் தண்ணீர் வேண்டாம் என்று ஒரு மனிதன் சொல்வானா என்ற நப்பாசை அவளுக்கு.

ஆலாலசுந்தரம் எழுந்தார். வியர்வை நெற்றியிலிருந்து இறங்கி, கன்னத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு போட்டுவிட்டது. அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், கையைப் பார்த்தார், உண்மையிலேயே பயந்துபோனார்.

"தண்ணி வேணாங்க எசமான். தண்ணி பட்டா எங்க நெறமே போயிடுதுங்க."

அவைத்தலைவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஒரு மக்கள் கூட்டத்தின் அடையாளமே கண்ணெதிரில் கரைவதைப் பார்த்துக்கொண்டு ஓர் அரசு சும்மா இருக்காது என்று தழுதழுத்தார். கீழ்க்கரைக்குக் குழாய் இல்லை. இருக்கும் மூன்று அடிபம்புகளும் பாதுகாப்புக் கருதி மூடப்படும். உறுப்பினருக்கு அரசு செலவில் மின்விசிறி.

குருவம்மாள் எழுந்து நின்றாள்.

"ஐயா, எங்க நெறம் தண்ணியில போவாது. ஒரு குடம் தண்ணி கொண்டாங்க, இங்கேயே மூஞ்சி கழுவிக் காட்டுறேன். அவரும் கழுவட்டும்."

அவைத்தலைவர் கோபப்படவில்லை. கனிவாக, சான்றிதழ் எண் என்ன என்று மட்டும் கேட்டார். அவளிடம் எண் இல்லை. அவள் பேச்சு குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. காவலர்கள் அவளை வெளியே அழைத்துப் போனார்கள். நீரேற்று நிலையத்தில் மாலை வேலைக்கு நேரமாகியிருந்தது.

மறுநாள் அரசிதழ் வந்தது. அதில் இப்படி இருந்தது: கீழ்க்கரை மக்களின் கோரிக்கையை ஏற்று, அவர்களுக்குத் தண்ணீர் நிறுத்தப்படுகிறது.