சாட்சி சொல்ல ஆள் தேவை

பிரியமுள்ள தம்பிக்கு,

உன் அக்கா அன்போடும் கொஞ்சம் கோபத்தோடும் எழுதுவது. இங்கே நாங்கள் யாவரும் கர்த்தருடைய கிருபையால் சுகம். அங்கே நீ சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். நீ ஜெபிக்கிறாயா என்று கேட்டு வம்பு வளர்க்கப் போவதில்லை. உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணமே நீதான் என்பதால் மன்னிப்புக் கேட்கவில்லை.

விடுமுறையில் உன் மருமகளோடு போனில் பேசினாயே, அன்றிலிருந்து ஞாயிறு வந்தால் அவளுக்கு வயிற்றுவலி. ஆராதனை முடிகிற நேரத்துக்குச் சரியாக வலி நின்று பசி எடுக்கிறது. மூன்றாவது ஞாயிறு நான் கொஞ்சம் சத்தம் போட்டதும், "மாமா மட்டும் போறாரா? பிடிக்கலைன்னா போகாதேன்னு அவரே சொல்லிட்டாரு" என்றாள். பன்னிரண்டு வயது. நீ சபைக்கு வருவதை நிறுத்தியது பத்தொன்பதில். ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போனது போதாதா, இவளும் போய்விடுவாளோ என்று எனக்குத் தூக்கமே போயிற்று.

இந்த நேரம் பார்த்துத்தான் சபைக் குழுவில் போதகர், பின்வரிசை பெஞ்சுகள் ஏன் காலி என்று கேட்டார். வாலிபர் சங்கத் தலைவர் எழுந்து விளக்கினார். எழுந்து நிற்கவே இரண்டு நிமிஷம் ஆயிற்று, அவருக்கு வயது அறுபத்தொன்று, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. பிரசங்க நேரத்தில் நோட்டில் படம் வரைந்தாய் என்று உன் காதைத் திருகினாரே, அவரேதான். அப்போதும் அவர்தான் வாலிபர். அவருக்கு அடுத்த இளையவள் நான். பட்டம் வாங்கியவள் வேறு. தாவரவியல் படித்தவளுக்கு வாலிபரைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். முதலில் ஒரு கிட்டார் வந்தது. வாசிக்க ஆள் வரவில்லை. பிறகு, இளைஞர் மொழியில் பேசினால் வருவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, போதகர் பிரசங்கத்தில், "பவுலின் விசுவாசம் வேற லெவல்" என்றார். காது மந்தமான மூப்பர் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "எந்த மாடிம்மா?" என்று கேட்டார்.

கடைசியில் நானே ஒரு வழி கண்டேன். சாட்சி சொல்வது என்றால் உனக்குத் தெரியும், கர்த்தர் தன் வாழ்க்கையில் செய்ததை ஒருவர் எழுந்து சொல்வது. நம் சபையில் எப்போதும் பெரியவர்களே சொல்கிறார்கள், அதுவும் ஆபரேஷன் கதைகளாகவே. இளையவர்கள் சொல்லட்டுமே என்று, 'சாட்சி சொல்ல இளைஞர்கள் தேவை. சனிக்கிழமை மாலை ஐந்து மணி' என்று எழுதி, எழுத்துப்பிழை பார்க்க உன் மருமகளிடம் கொடுத்தேன். "கூச்சப்படுவாங்கம்மா" என்று அவள் அடியில் 'பெயர் கேட்க மாட்டோம்' என்று சேர்த்தாள். புதன்கிழமை சபை வாசல் கேட்டில் ஒட்டினோம். அதற்கு முந்தின நாள்தான் அதே கேட்டுக்கு முன்னால் ஒரு வேன் ஸ்கூட்டரை இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. அது என் புத்திக்கு எட்டவே இல்லை.

சனிக்கிழமை ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேரும் முப்பதுக்குள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் இளைஞர் ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி முதலில் எழுந்தார்.

"அவர் என்ன செஞ்சார்னு பயப்படாம சொல்லுங்க தம்பி" என்றார் போதகர்.

"அவரை நான் பாக்கலைங்க. வண்டி நம்பர் மட்டும்தான் பாத்தேன்."

போதகர் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். தலைவர் மட்டும் விடவில்லை. "வெளிச்சத்தை எப்ப கண்டீங்க?"

"வெளிச்சமே இல்லீங்க. ஹெட்லைட் போடாமதானே வந்தான்."

பூமி ஏன் இன்னும் என்னை விழுங்கவில்லை என்றிருந்தது. மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் கடைசியில் உட்கார்ந்திருந்த பெண் பேசினாள். கையில் கட்டு. இடிபட்டவளே அவள்தான், தையல் கடையில் வேலை. "உள்ள பாட்டு கேட்டுச்சு. தண்ணி கேக்கலாம்னு இவங்க கதவைத் தட்டினாங்க. யாரும் தெறக்கலை."

செவ்வாய்க்கிழமை எங்கள் பாடகர் குழுப் பயிற்சி, தம்பி. வெளியே ஏதோ இரைச்சல் என்று கதவைச் சாத்தச் சொன்னோம். நானும் பாடிக்கொண்டிருந்தேன். என்ன பாட்டு என்று கேட்காதே.

தலைவர்தான் மெதுவாக எழுந்தார். "சாத்தினது நான்தாம்மா" என்றார். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் நீட்டியபடி நின்றார். நாலு நாள் தாமதம். அவள் வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதுவும் போதிக்கவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல, நாற்காலி போட மட்டும் வருகிறேன் என்று வந்திருந்த உன் மருமகள் நோட்டில் எழுதிக்கொண்டாள். போதகரும் தலைவரும் அவர்களோடு காவல் நிலையத்துக்குப் போனார்கள்.

மறுநாள் எத்தனை பேர் ஆராதனைக்கு வந்தார்கள் என்று குழுவில் அறிக்கை கேட்கிறார்கள். ஒருவர். ஹெல்மெட்டோடு பின்வரிசையில் பத்து நிமிஷம் இருந்தார், போன் அடித்தது, போய்விட்டார். அவரைக் கால் ஆள் என்று எழுதுவதா, முழு ஆள் என்றா தெரியவில்லை. ஆனால் நம் வயிற்றுவலிக்காரி அன்று எனக்கு முன்னால் எழுந்து தயாராகி நின்றாள். ஆராதனை முழுக்கக் கதவருகே உட்கார்ந்து, யாரையும் சாத்த விடவில்லை. தெருச் சத்தத்தில் பாதிப் பிரசங்கம் கேட்கவில்லை. மூப்பருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே, நீ கெடுக்கப் பார்த்த பிள்ளையைக் கர்த்தர் திருப்பிக் கொடுத்தார். இனிமேலாவது அவளிடம் பார்த்துப் பேசு. வேளைக்குச் சாப்பிடு. உன் போக்கிலும் வரத்திலும் தேவன் துணையிருப்பாராக.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கவரில் போடுமுன் உன் மருமகள் இதைப் படித்துவிட்டாள். அந்தச் செவ்வாய்க்கிழமை என்னைக் கூட்டிப்போக வந்து கேட்டருகே நின்றிருந்தாளாம். கதவைத் தட்டியவர்களில் அவளும் ஒருத்தியாம். என் அறிவிப்பைத் தெருவில் போகிறவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் அந்தக் கடைசி வரியைச் சேர்த்தாளாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "சொல்ல வந்தேன். இன்னைக்கு எவ்வளவு நல்லா பாடினோம்னு நீ சொல்லிட்டிருந்தே" என்றாள். இன்னொன்று, 'போகாதே' என்று நீ சொல்லவே இல்லையாம். "பிடிக்கலைன்னா ஏன்னு சொல்லு, நான் சொல்லாமப் போயிட்டேன்" என்றுதான் சொன்னாயாம்; அதற்குத் தைரியம் வராமல்தான் வயிற்றுவலியாம். அதனால் மேலே உன்னைத் திட்டியதையெல்லாம் படிக்காதே. அந்த 'ஏன்' என்னவென்று எனக்கும் எழுது, பன்னிரண்டு வருஷம் கழித்தாவது கேட்கிறேன். தலைவர் முழங்காலைக் காரணம் காட்டி விலகுகிறார். உனக்கு முப்பத்தொன்றுதான் ஆகிறது. மாமா வந்தால் கதவுப் பக்கத்திலேயே இடம் பிடித்து வைப்பாளாம், பிடிக்கவில்லை என்றால் எழுந்து போக வசதியாக.