சேர்மன் குனிந்து பார்த்த கண்ணாடி

உலக நாகரிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இனி அம்பத்தூர் தொழிற்பேட்டையைத் தாண்டிப் போகவே முடியாது. கன்டெய்னர் லாரிகள் வழி விடாது என்பது ஒரு காரணம். ‘ஞானஒளி டிஸ்ப்ளே’ கம்பெனியின் நிர்வாக மேலாளர் எட்மண்ட் அங்கேதான் இருக்கிறார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கம்பெனியில் புதிதாக ஓர் இருட்டறை கட்டியிருந்தார்கள். அதற்குப் பொறியாளர் ஷைலா. கண்ணாடித் தகட்டின் மேல் அவள் பூசும் பாலிமர் படலம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒளிக்கு மசியும். குறிப்பிட்ட திசையில் அதிரும் நீல ஒளியைக் காட்டினால் அதன் மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். மேலே ஊற்றும் திரவப் படிகங்களும் அதைப் பார்த்து அதே பக்கம் படுக்கும். அப்போதுதான் திரையில் படம் ஒழுங்காகத் தெரியும்.

இதைக் கேட்டபோது எட்மண்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊழியர்களிடம் இத்தனை வருடமாக அவர் எதிர்பார்த்ததும் இதைத்தானே!

“ஆனா சார், நாம காட்டுறதுக்கு முன்னாடி வேற வெளிச்சம் படக் கூடாது. பட்டா கண்ட பக்கம் திரும்பிக்கும். சிவப்பு பல்பு மட்டும்தான் எரியணும்” என்றாள் ஷைலா.

“நிர்வாகம் கவனத்தில் கொள்ளும்” என்றார் எட்மண்ட். கவனத்தில் கொண்ட எதையும் நிர்வாகம் அதன்பின் தொடுவதில்லை.

திறப்பு விழாவுக்கு சேர்மன் ஞானசேகரன் வந்தார். மேசைமேல் படலம் பூசிய கண்ணாடி காத்திருந்தது. ஆஸ்பத்திரி மானிட்டர் செய்யும் புனே கம்பெனிக்குப் போகவேண்டிய மாதிரி அது. பிடித்துப்போனால் ஐந்து வருட ஆர்டர். இரண்டாவது ஷிப்டுக்குப் புது ஆட்கள்.

வீடியோ எடுக்க வந்த ஆவடி பாபு கேமராவில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“இன்னா சார் இது? சேர்மன் மூஞ்சி தக்காளி கணக்கா கீது. பேய்ப் படம் எடுக்க வந்துட்டனான்னு டவுட்டா கீது.”

எட்மண்ட் கேமராவை எட்டிப் பார்த்தார். சேர்மன் முகம் தக்காளியாகப் பதிவாவது ‘நிறுவன நலனுக்கு உகந்ததல்ல’.

“ஃபோகஸ் லைட்டைப் போடுப்பா.”

ஷைலா குறுக்கே பாய்ந்தாள். “சார், வேணாம்! கண்ணாடி வெளியில இருக்கு!”

“ஒரு நிமிஷம்தாம்மா. பாலிமர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

சேர்மனின் பின்னந்தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. சேர்மன் கண்ணாடியின் மேல் குனிந்து, தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அசையாமல் பார்த்தார். பாபு இன்னொரு டேக் கேட்டான். அதற்கும் குனிந்தார்.

கண்ணாடி வீண், வேறு பூசித் தருகிறேன் என்றாள் ஷைலா. எட்மண்ட் சம்மதிக்கவில்லை. “சேர்மன் பார்த்த கண்ணாடிம்மா. ராசியானது. இதுவே போகணும்.”

நீல ஒளி காட்டி, படிகம் ஊற்றி, அதுவே திரையாயிற்று. புனே கம்பெனியிலிருந்து கௌதம் பார்க்க வந்தார்; சேர்மனும் வந்து உட்கார்ந்தார். திரையைப் போட்டார்கள். இதயத் துடிப்பின் பச்சைக் கோடு நடுவில் மட்டும் ஓடியது. சுற்றிலும் சாம்பல் மப்பு. கோடு ஓடிய இடத்துக்கு ஒரு வடிவம் இருந்தது: வழுக்கைத் தலை, இரண்டு பெரிய காதுகள்.

“இது யாரோட தலை?” என்றார் கௌதம்.

எல்லோரும் சேர்மனின் காதுகளைப் பார்த்தார்கள்.

“வாட்டர்மார்க் சார்” என்றார் எட்மண்ட்.

“அந்தத் தலைக்கு வெளியில போனா பேஷண்டுக்கு உயிர் இருக்கா இல்லையான்னே தெரியாதே! நர்ஸ் என்ன பண்ணுவாங்க?”

இந்தக் கேள்வி ‘கொள்கை முடிவு’ சம்பந்தப்பட்டதால் எட்மண்ட் அதைக் குறித்துக்கொண்டார். ஆர்டர் அன்றே போயிற்று. வேலைக்கு வரச் சொல்லியிருந்தவர்களுக்கெல்லாம் ‘வர வேண்டாம்’ என்று எட்மண்ட்தான் செய்தி அனுப்பினார். அனுப்பும்போது விரல் இரண்டு முறை தவறான எழுத்தில் பட்டது. ஏசியைக் குறைக்கச் சொன்னார்.

பிறகு விசாரணைக் கூட்டம். எட்மண்ட் யார் பெயரையும் சொல்லத் தயாராக இருந்தார், தன் பெயரைத் தவிர. ஆனால் சேர்மன் கோபப்படவில்லை. திரையையே ரசித்துக்கொண்டிருந்தார்.

“இவ்வளவு பெரிய திரையில என் தலை இருக்கிற இடம் மட்டும் வேலை செய்யுதே! எப்படிம்மா?”

ஷைலாவுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டிருந்தது. அதனால் அறிவியலை அறிவியலாகவே சொன்னாள். “மத்த எல்லா இடத்துலயும் வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போச்சு சார். உங்க தலைக்குள்ள மட்டும்தான் வெளிச்சமே படல.”

சேர்மன் மேசையைத் தட்டினார். “கேட்டீங்களா எட்மண்ட்? இந்தம்மா சொன்னதைப் பித்தளையில அடிச்சு, திரையோட சேர்த்து வாசல்ல மாட்டுங்க!”

மாட்டினார்கள். கடைசித் திருகைத் திருகும்போதுதான் எட்மண்ட், தானே நல்ல தமிழில் எழுதிக் கொடுத்த வாசகத்தை முதல்முறையாகப் படித்தார்: ‘எங்கள் சேர்மனின் தலைக்குள் ஒருபோதும் வெளிச்சம் படவில்லை.’

திருகைத் திரும்பக் கழற்றப் போனார். பின்னால் சேர்மன் நின்றிருந்தார்.

“தப்பு ஏதும் இல்லையே, எட்மண்ட்?”

“ஒரு எழுத்துகூட இல்ல சார்.”